ஆர்லாண்டோ போகிறவர்களுக்கும் அங்கே குடியேறுகிறவர்களுக்கும்: வாசகர் கேள்வி – பதில்

கேளிக்கைப் பூங்காக்களுக்குப் பெயர்பெற்ற, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து நகரமான ஆர்லாண்டோவைப் பற்றிய கேள்விகளை அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஏறக்குறையப் பாதி விடுமுறைக்குப் போக நினைப்பவர்கள் எழுதியவை. மற்றவை பிள்ளைகளை அங்கே அனுப்பியிருக்கும் பெற்றோரும், தாங்களே அங்கே குடிபெயரப் போகிறவர்களும் எழுதியவை. பதினோரு ஆண்டுகள் குடும்பத்தோடு அந்த ஊரில் வாழ்ந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பார்க்கப் போகிறவர்களின் ஆர்லாண்டோ வேறு, வாழப் போகிறவர்களின் ஆர்லாண்டோ வேறு. ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றொன்றுக்குத் திட்டமிடுவதால்தான் பெரும்பாலான மனவருத்தங்கள் வருகின்றன என்பதை அங்கே பல குடும்பங்களில் கண்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் ஆர்லாண்டோவில் வேலை பார்க்கிறான். "உன் ஊர் டிஸ்னி" என்று சொன்னால், "டிஸ்னி ஆர்லாண்டோவிலேயே இல்லை, அப்பா" என்கிறான். அப்படியானால் அது எங்கே இருக்கிறது? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருச்சி)

உங்கள் மகன் சொல்வது சரிதான், ஐயா. வால்ட் டிஸ்னி வேர்ல்ட் என்னும் பூங்கா வளாகம் ஆர்லாண்டோ மாநகர எல்லைக்கு வெளியே, நகர மையத்திலிருந்து தென்மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், பே லேக், லேக் புவனா விஸ்டா என்னும் இரண்டு சிற்றூர்களின் எல்லைக்குள் அமைந்திருக்கிறது. அந்தச் சிற்றூர்களில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் மிகச் சிலரே. 1960-களின் நடுவில், விலை ஏறிவிடக் கூடாது என்பதற்காக டிஸ்னி நிறுவனம் தன் பெயரை மறைத்து, வெவ்வேறு சிறு நிறுவனங்களின் பெயரில் சுமார் 27,000 ஏக்கர் சதுப்பு நிலத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் வாங்கியது. 1965 நவம்பரில் திட்டம் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில் நிறுவனர் வால்ட் டிஸ்னி காலமானார். அந்த நிலத்துக்கென்றே 1967-இல் மாநிலச் சட்டமன்றம் ஒரு தனி நிர்வாக மாவட்டத்தை ஏற்படுத்திக் கொடுத்தது. சாலை, வடிகால், தீயணைப்பு எல்லாவற்றையும் நிறுவனமே பார்த்துக்கொள்ளும் அந்த ஏற்பாடு 2023 வரை நீடித்தது. அவ்வாண்டு மாநில அரசு அதன் பெயரை மாற்றி, நிர்வாகக் குழுவைத் தானே நியமிக்கத் தொடங்கியது.

முதல் பூங்காவான மேஜிக் கிங்டம் 1971 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. அங்கே நிலத்தடி நீர் மிக மேலே இருப்பதால் ஊழியர்களுக்கான சுரங்கப் பாதைகளை மண்ணைத் தோண்டி அமைக்க இயலவில்லை. தரைமட்டத்திலேயே பாதைகளைக் கட்டி, பக்கத்தில் ஏரி வெட்டிய மண்ணை அவற்றைச் சுற்றி நிரப்பி, அதற்கு மேல் பூங்காவை எழுப்பினார்கள். ஆகவே பூங்காவின் நடுவிலுள்ள கோட்டையின் முன்னால் நாம் நிற்கும் இடம் உண்மையில் இரண்டாவது தளம். உங்கள் மகனைப் பார்க்கப் போகும்போது பேரப்பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள், மகிழ்வார்கள்.

மற்றொரு பூங்கா நிறுவனமான யுனிவர்சலின் முதல் இரண்டு பூங்காக்கள் ஆர்லாண்டோ நகர எல்லைக்குள் இருப்பவை. ஊரின் பெயரைச் சொல்ல அவற்றுக்கே முழு உரிமை உண்டு.

கேள்வி: ஏழு வயது மகன், இரண்டு வயது மகள், நாங்கள் இருவர். எந்த மாதம் போகலாம்? எத்தனை பூங்காக்கள் பார்க்கலாம்? செலவைக் குறைக்க வழி உண்டா? (இல்லத்தரசி, கோயம்புத்தூர்)

மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள், ஏனெனில் மற்ற எல்லாம் அதைப் பொறுத்தவை. அரையாண்டு விடுமுறையில், அதாவது டிசம்பர் கடைசி வாரத்தில், தயவுசெய்து போகாதீர்கள். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட அந்த வாரத்தில்தான் கூட்டமும் சீட்டு விலையும் உச்சத்தில் இருக்கும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நல்ல காலம் கோடை விடுமுறையின் தொடக்கம்தான். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு ஏப்ரல் இறுதியில் அல்லது மே தொடக்கத்தில் விடுமுறை விட்டுவிடுகிறார்கள். புளோரிடாவின் பள்ளிகளோ மே கடைசி வாரம் வரை நடக்கின்றன. இடையில் கிடைக்கும் மூன்று வாரங்களில் அமெரிக்கக் குடும்பங்களின் கூட்டம் குறைவு, மழைக்காலமும் இன்னும் தொடங்கியிராது. வெயில் இருக்கும், கோவைக்காரர்களுக்குச் சற்றுக் கடுமையாகத் தெரியும், ஆனால் ஜூலை மாதப் புழுக்கத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

டிஸ்னிக்கு நான்கு பூங்காக்கள்: மேஜிக் கிங்டம், 1982-இல் வந்த எப்காட், 1989-இல் வந்த ஹாலிவுட் ஸ்டூடியோஸ், 1998-இல் வந்த அனிமல் கிங்டம். யுனிவர்சலுக்கு 1990, 1999 ஆண்டுகளில் திறந்த இரண்டு பூங்காக்களும், 2025 மே மாதம் திறந்த எபிக் யுனிவர்ஸும் இருக்கின்றன. இவை தவிர நீர்ப்பூங்காக்கள், சீ வேர்ல்ட், ஒரு மணி நேரப் பயணத்தில் லெகோலேண்ட். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தால் எதையும் பார்த்ததாக இராது. உங்கள் பிள்ளைகளின் வயதுக்கு மேஜிக் கிங்டமும் அனிமல் கிங்டமும் போதும். மகன் பிடிவாதம் பிடித்தால் மூன்றாவதாக யுனிவர்சலில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் பூங்கா, மறுநாள் ஓய்வு என்று மாற்றி மாற்றி வையுங்கள். தொடர்ந்து மூன்று நாள் பூங்காவுக்குப் போன குழந்தைகள் மூன்றாம் நாள் மாலையில் எந்தப் பொம்மையைப் பார்த்தும் சிரிப்பதில்லை.

சீட்டு விலை நாளுக்கு நாள் மாறும். மேஜிக் கிங்டத்தில் கூட்டம் மிகுந்த நாளுக்கு ஒரு பெரியவருக்கு 200 டாலரை ஒட்டியும் அதற்கு மேலும் போகிறது. பல நாள் சீட்டாக வாங்கினால் ஒரு நாளுக்கான விலை இறங்கும். இரண்டு வயது மகளுக்குச் சீட்டே வேண்டாம். மூன்று வயது நிறையும் வரை நுழைவு இலவசம். மூன்று முதல் ஒன்பது வயது வரை குழந்தைச் சீட்டு என்று ஒன்று உண்டு, ஆனால் அதற்கும் பெரியவர் சீட்டுக்கும் வித்தியாசம் மிகச் சிறியது. ஆகவே மகளுக்கு மூன்று வயது ஆவதற்குள் போவது, மகனுக்கு எட்டு வயது ஆகும்வரை காத்திருப்பதை விட உங்களுக்கு லாபம்.

மகனின் உயரத்தை வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். மேஜிக் கிங்டத்தில் ஸ்பேஸ் மவுண்டன் என்னும் சவாரியில் ஏற 112 சென்டிமீட்டர் வேண்டும். அரை மணி நேரம் வரிசையில் நின்றபின் அளவுகோலுக்குக் கீழே நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது பெற்றோருக்கு மிகவும் கடினம். சிறு குழந்தையோடு வரும் பெற்றோருக்கு ஒரு வசதி இருக்கிறது. ஒருவர் குழந்தையோடு வெளியே காத்திருக்க, மற்றவர் சவாரி முடித்து வந்தபின், காத்திருந்தவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளலாம். டிஸ்னியிலும் யுனிவர்சலிலும் வெவ்வேறு பெயர்களில் இது உண்டு. நுழைவாயிலில் நிற்கும் ஊழியரிடம் முதலிலேயே கேட்க வேண்டும்.

உணவில்தான் உண்மையான சேமிப்பு. டிஸ்னி பூங்காக்களுக்குள் வீட்டு உணவை எடுத்துப் போகலாம். கண்ணாடிப் பாத்திரமும், சூடுபடுத்த வேண்டிய உணவும் கூடாது, அவ்வளவுதான். புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் இதற்கென்றே பிறந்தவை போலப் பயன்படும். நாங்கள் ஒவ்வொரு முறையும் ஓர் எவர்சில்வர் டப்பாவில் புளியோதரை, இன்னொன்றில் சப்பாத்திச் சுருள், ஒரு சிறு பொட்டலத்தில் உப்பு ஊறுகாய் கொண்டுபோவோம். பாதுகாப்புச் சோதனையில் டப்பாவைத் திறந்து பார்ப்பார்கள்; மூடி அனுப்பிவிடுவார்கள். குளிர்பானம் விற்கும் விரைவு உணவகங்களில் ஐஸ் போட்ட குடிநீரைக் கேட்டால் கோப்பையில் இலவசமாகக் கொடுப்பார்கள். நான்கு டாலர் கொடுத்துத் தண்ணீர்ப் புட்டி வாங்கத் தேவையில்லை.

கேள்வி: எனக்கு 68 வயது, கணவருக்கு 73. முழங்கால் வலி இருவருக்கும் உண்டு. மகள் மூன்று மாதம் வந்து தங்கச் சொல்கிறாள். பூங்காக்களில் எவ்வளவு நடக்க வேண்டியிருக்கும்? நடக்க முடியாவிட்டால் அந்த ஊரில் எங்களுக்கு வேறு என்ன இருக்கிறது? (ஓய்வுபெற்ற ஆசிரியை, மதுரை)

அம்மா, வந்த கடிதங்களிலேயே உங்கள் கடிதத்தைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். என் பெற்றோர் முதன்முதலாக வந்தபோது, அவர்களை மகிழ்விக்க வேண்டும் என்ற ஆசையில், ஜூலை மாதத்தில் மேஜிக் கிங்டத்துக்கு அழைத்துப்போனேன். வண்டி நிறுத்துமிடம் ஏரியின் இந்தக் கரையில். பூங்கா அந்தக் கரையில். வண்டியை நிறுத்திவிட்டு டிராமில் ஏறி, இறங்கி, பாதுகாப்புச் சோதனை முடித்து, படகிலோ மோனோரெயிலிலோ அக்கரைக்குப் போய், அதன் பின்னரே நுழைவாயில். உள்ளே ஒரு சவாரியும் ஏறாத நிலையிலேயே ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மதியம் இரண்டரை மணிக்கு அம்மா கடைத்தெரு ஓரத்து நடைமேடையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, குதிகாலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். வலிக்கிறது என்று சொல்லவில்லை. "நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் இந்த ஜனங்களை வேடிக்கை பார்க்கிறேன்" என்றார். மூன்று மணிக்கு இடி இடித்து மழை கொட்டியது. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட குற்றவுணர்ச்சிதான் இந்தப் பதிலை எழுத வைக்கிறது.

ஒரு நாள் முழுவதும் பூங்காவில் இருந்தால் பத்துக் கிலோமீட்டர் வரை நடப்பது அங்கே சாதாரணம். ஆகவே மகளிடம் இப்போதே மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நுழைவாயிலுக்கு அருகே சக்கர நாற்காலியும் மின்சார வண்டியும் வாடகைக்குக் கிடைக்கின்றன. முன்பதிவு கிடையாது, காலையில் முதலில் போகிறவர்களுக்கே கிடைக்கும். அதில் உட்காருவதற்குக் கூச்சப்பட வேண்டாம். அங்கே அறுபது வயதுக்காரர்கள் பலர் அதில்தான் சுற்றுகிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டாவது, திறக்கும் நேரத்துக்கே போய், பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்துவிட வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏறக்குறைய நாள்தோறும் பிற்பகலில் இடிமழை வரும், மின்னல் அடித்தால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். மூன்றாவது, நீங்கள் நவம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி வரை போவதுதான் நல்லது. அந்த மாதங்களில் அங்கே மழை குறைவு, பகலில் நம் கொடைக்கானலை விடச் சற்று வெப்பமாக இருக்கும், இரவில் ஒரு ஸ்வெட்டர் வேண்டும். கிறிஸ்துமஸ் வாரத்தில் மட்டும் பூங்காப் பக்கம் போகாதீர்கள்.

பூங்காவுக்கு ஒரே ஒரு நாள் போங்கள். அனிமல் கிங்டமாக இருக்கட்டும். அங்கே ஆசியப் பகுதியில் ஆனந்தபூர் என்ற பெயரில் ஒரு கற்பனை ஊரைக் கட்டியிருக்கிறார்கள். இடிந்த அரண்மனைச் சுவர்களுக்கு நடுவே புலிகள் உலவுகின்றன. தந்திக் கம்பங்களும் மங்கிய சுவர் விளம்பரங்களும் நம்மூர்ப் பழைய கடைத்தெருவைப் பார்த்துச் செய்தவை போலவே இருக்கும்.

மற்ற நாட்களுக்குத்தான் உண்மையான ஆர்லாண்டோ இருக்கிறது. நகர மையத்தில் லேக் இயோலா என்ற ஏரி. சுற்றுப் பாதை ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவு, நிழலும் பெஞ்சுகளும் அன்னப்பறவைகளும் உண்டு, கட்டணம் இல்லை. வடக்கே வெகைவா நீரூற்று: பூமிக்கடியிலிருந்து பொங்கும் நீர் ஆண்டு முழுவதும் 22 டிகிரியில் இருக்கும், அடியில் கிடக்கும் மணல் துகள் வரை கண்ணுக்குத் தெரியும். ஒரு வண்டிக்கு ஆறு டாலர் நுழைவுக் கட்டணம். வார இறுதியில் காலையிலேயே நிரம்பி வாயிலை மூடிவிடுவதால் வார நாளில் போங்கள். குளிர்காலத்தில் போகிறவர்கள் தவறவிடவே கூடாத இடம், ஆரஞ்சு சிட்டி என்னும் ஊரில் உள்ள புளூ ஸ்பிரிங் பூங்கா. ஆற்று நீர் குளிர்ந்ததும் நூற்றுக்கணக்கான மேனட்டீக்கள் அந்த வெதுவெதுப்பான ஊற்றுக்கு வந்து கூடுகின்றன. நம் பாக் நீரிணையில் வாழும் ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கு நெருங்கிய உறவான பிராணி அது. மரப் பலகை நடைபாதையில், சக்கர நாற்காலியிலிருந்தே பார்க்கலாம். என் தந்தை இரண்டு மணி நேரம் அந்தக் கைப்பிடிக் கம்பியை விட்டு நகரவில்லை.

கேசல்பெரி என்னும் புறநகரில் இந்துக் கோயில் இருக்கிறது. வார இறுதியில் அங்கே போனால் தமிழ்க் குரல் கேட்கும். உங்கள் வயதுடையவர்களைச் சந்திக்கலாம். மூன்று மாதம் தங்குகிறவர்களுக்குப் பேச்சுத்துணைதான் எல்லாவற்றையும் விடப் பெரிய தேவை. மருத்துவக் காப்பீடு எடுக்காமல் விமானம் ஏறாதீர்கள். ஏற்கனவே உள்ள நோய்களுக்கு அந்தக் காப்பீடு எந்த அளவுக்குப் பொறுப்பேற்கும் என்பதை எழுத்தில் படித்துப் பாருங்கள். மூன்று மாதத்துக்கான மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையிலேயே வையுங்கள்.

கேள்வி: அங்கே ஒவ்வொரு குளத்திலும் முதலை இருக்கிறது என்கிறார்களே, உண்மையா? (பள்ளி மாணவன், நாகர்கோவில்)

ஏறக்குறைய உண்மைதான், தம்பி. புளோரிடாவின் நன்னீர் எதுவானாலும், வீட்டு மனைகளுக்கு நடுவே வெட்டிய குளமானாலும், அதில் அலிகேட்டர் வகை முதலை இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்வதே அங்குள்ளவர்களின் வழக்கம். கரை ஓரத்தில் விளையாடக் கூடாது, இருட்டியபின் நீர்ப்பக்கம் போகக் கூடாது, அதற்கு உணவு போடவே கூடாது. உணவு போடுவது சட்டப்படி குற்றம். அதைப் பாதுகாப்பாகப் பார்க்க வேண்டுமென்றால் 1949 முதல் நடந்துவரும் கேட்டர்லேண்ட் என்னும் முதலைப் பூங்காவுக்கு அப்பாவை அழைத்துப்போகச் சொல்.

கேள்வி: கார் ஓட்டத் தெரியாது. தனியாகப் போகும் பெண்ணுக்கு அந்த ஊர் சரிப்பட்டு வருமா? (மென்பொருள் ஊழியர், சென்னை)

ஒரு வாரப் பயணத்துக்குச் சரிப்படும், குடியிருக்கச் சிரமம். பூங்காக்களுக்குச் சொந்தமான விடுதியில் தங்கினால் அவர்களுடைய பேருந்தே அழைத்துப்போகும். இன்டர்நேஷனல் டிரைவ் என்னும் சுற்றுலாச் சாலையில் தங்கினால் அந்தச் சாலை நெடுகிலும் செல்லும் சிறு பேருந்து இருக்கிறது. 2014-இல் தொடங்கிய சன்ரெயில் நல்ல ரயில்தான், ஆனால் வார நாட்களில் மட்டுமே ஓடுகிறது, பூங்காக்களுக்கும் போவதில்லை, விமான நிலையத்துக்கும் போவதில்லை. மியாமிக்குப் போவதானால், 2023 செப்டம்பர் முதல் விமான நிலையத்திலிருந்தே பிரைட்லைன் ரயில் கிடைக்கிறது. மூன்றரை மணி நேரப் பயணம். லிங்க்ஸ் நகரப் பேருந்தை நம்பி ஒரு நாளைத் திட்டமிட்டால் பாதி நாள் நிறுத்தத்தில் போய்விடும், அந்த நிறுத்தங்கள் பலவற்றில் நிழற்குடையும் இல்லை. உங்கள் தோழிகளில் யாராவது ஓட்டுவதாக இருந்தால், நம்மூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பல சுங்கச் சாலைகளில் ரொக்கமாகப் பணம் வாங்குவதே இல்லை. வாடகை வண்டியின் சுங்கக் கருவிக்கு நாளொன்றுக்கு எவ்வளவு கட்டணம் என்று சாவி வாங்கும்போதே கேளுங்கள். நான் அறிந்த ஒரு குடும்பத்துக்குச் சுங்கத்தை விட அந்தக் கட்டணம் இரு மடங்காக வந்தது.

கேள்வி: கணவருக்கு ஆர்லாண்டோவில் வேலை கிடைத்திருக்கிறது. ஐந்து வயது மகனோடு குடிபோகிறோம். எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது? தினமும் சுற்றுலாக் கூட்டத்துக்கு நடுவில் வாழ வேண்டியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. (பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்)

அந்தப் பயம் வேண்டாம், சகோதரி. ஆண்டுக்கு ஏழு கோடிக்கும் மேற்பட்டோர் வந்துபோகும் இடம் அது. ஆனால் அவர்கள் தென்மேற்கு மூலையிலேயே நின்றுவிடுகிறார்கள். வடக்கிலோ கிழக்கிலோ குடியிருந்தால் மாதக் கணக்கில் ஒரு சுற்றுலாப் பயணியைக் கூடப் பார்க்க மாட்டீர்கள். 2020 கணக்கெடுப்பின்படி நகரத்தின் மக்கள்தொகை மூன்று லட்சத்துக்குச் சற்று அதிகம். புறநகர்களைச் சேர்த்தால் 26 லட்சத்தைத் தாண்டும். பூங்காக்களைத் தவிரவும் அந்த ஊருக்குப் பிழைப்பு உண்டு. கிழக்கே மத்தியப் புளோரிடாப் பல்கலைக்கழகமும் அதை ஒட்டிய பாவனைப் பயிற்சி (சிமுலேஷன்) ஆராய்ச்சி வளாகமும், தென்கிழக்கே லேக் நோனாவில் மருத்துவ வளாகமும் இருக்கின்றன.

வீடு தேடும்போது முதல் கேள்வி, கணவரின் அலுவலகம் ஐ-4 நெடுஞ்சாலையின் எந்தப் பக்கம் என்பதாக இருக்கட்டும். ஊரைக் குறுக்கே வெட்டிப் போகும் அந்தச் சாலையில்தான் வேலைக்குப் போகிறவர்களும் பூங்காவுக்குப் போகிறவர்களும் ஒன்றாக மாட்டிக்கொள்கிறார்கள். வரைபடத்தில் இருபது நிமிடம் என்று காட்டும் தூரம் மாலை ஐந்து மணிக்கு ஒரு மணி நேரமாகும். அலுவலகம் வடக்கே என்றால் செமினோல் மாவட்டத்தில் லேக் மேரி, ஒவியேடோ பக்கம் பாருங்கள். பள்ளிகளுக்கு நல்ல பெயர், கேசல்பெரி கோயிலும் பக்கம். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், அந்த முகவரிக்கு எந்தப் பள்ளி ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று மாவட்டப் பள்ளி அலுவலகத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரே தெருவின் இரண்டு பக்கங்களுக்கு இரண்டு பள்ளிகள் இருப்பதுண்டு. புதிய பள்ளி ஆண்டு ஆகஸ்ட் இரண்டாம் வாரமே தொடங்கிவிடும்.

புளோரிடாவில் மாநில வருமான வரி கிடையாது. இதைக் கேட்டவுடன் பலர் மனத்தில் ஒரு கணக்குப் போட்டுவிடுகிறார்கள். வீடு வாங்கும்போதுதான் மறுபக்கம் தெரியும். புயல் காரணமாக வீட்டுக் காப்பீட்டுக் கட்டணம் மிக அதிகம், கூரை பழையதாக இருந்தால் காப்பீடு கிடைப்பதே கடினம், வெள்ளச் சேதத்துக்குத் தனிக் காப்பீடு. குடியிருப்போர் சங்கக் கட்டணம் வேறு. சொந்த வீட்டில் வசிப்போருக்கு வீட்டு வரிக்கான மதிப்பீடு ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏறாமல் காக்கும் சலுகை ஒன்று உண்டு. பொதுவாகத் தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு அது கிடைப்பதில்லை. ஆகவே முதல் இரண்டு ஆண்டுகள் வாடகை வீட்டிலேயே இருங்கள்.

புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. 2004-இல் ஏறக்குறைய ஆறு வாரங்களில் சார்லி, பிரான்சிஸ், ஜீன் என்று மூன்று புயல்கள் அந்த வட்டாரத்தைத் தாக்கின. 2022-இல் இயன் புயலின் மழையில் பல தெருக்களில் வெள்ளம் நின்றது. கடலிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால் கடல் நீர் புகும் அபாயம் இல்லை, காற்றும் மின்தடையும்தான் தொல்லை. நாங்கள் இருந்த தெருவில் ஒருமுறை மூன்று நாள் மின்சாரம் இல்லை. இரண்டாம் நாள் காலை, அதுவரை தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போகும் பக்கத்து வீட்டு முதியவர், எரிவாயு அடுப்பைத் தன் வாசலில் வைத்து, தெருவுக்கே காப்பி போட்டுக் கொடுத்தார். தண்ணீர், மின்கலம், மாத்திரை, சமைக்காமல் உண்ணும் உணவு ஆகியவற்றை ஜூன் மாதத்திலேயே ஒரு பெட்டியில் எடுத்து வையுங்கள்.

இறுதியாக, நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைப் பற்றி. கணவர் அலுவலகத்துக்கும் மகன் பள்ளிக்கும் போனபின், வேலை செய்ய அனுமதியில்லாத விசாவில், நடந்து போகக் கடை கூட இல்லாத ஒரு தெருவில், பகல் எட்டு மணி நேரம் தனியாக இருப்பது மிகவும் கடினம். என் மனைவி முதல் ஆறு மாதங்களில் உடைந்துபோனதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். போய்ச் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஓட்டுநர் உரிமம் எடுங்கள். புதிதாகக் குடியேறுகிறவர்கள் 30 நாளுக்குள் எடுக்க வேண்டும் என்பது சட்டமும் கூட. பொது நூலகங்களில் உறுப்பினராவது குடியிருப்போருக்கு இலவசம்; பெரியவர்களுக்கான வகுப்புகளும் குழந்தைகளுக்குக் கதை நேரமும் அங்கே உண்டு. வலென்சியா கல்லூரி என்ற சமுதாயக் கல்லூரி நாட்டளவில் பாராட்டுப் பெற்றது. அதில் ஒரு பாடமாவது படிக்க முடியுமா என்று பாருங்கள். இதைத் தங்கள் கணவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: ஹோட்டல் மேனேஜ்மென்ட் முடித்திருக்கிறேன். டிஸ்னியில் வேலை வாங்கித் தருவதாக ஒரு முகவர் நான்கு லட்சம் கேட்கிறார். முதலில் சுற்றுலா விசாவில் போய், அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். நம்பலாமா? (இளைஞர், விருதுநகர்)

நம்பாதீர்கள், தம்பி. ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். சுற்றுலா விசாவில் வேலை செய்வது சட்டவிரோதம். பிடிபட்டால் திருப்பி அனுப்புவதோடு வருங்காலப் பயணங்களுக்கும் கதவு அடைபடும். எப்காட்டில் மெக்ஸிகோ, நார்வே, சீனா, ஜப்பான் என்று 11 நாடுகளுக்கு அரங்குகள் இருக்கின்றன. அந்தந்த நாட்டு இளைஞர்களைப் பண்பாட்டுப் பரிமாற்ற விசாவில் அழைத்து அங்கே பணியமர்த்துவார்கள். அந்தப் பதினொன்றில் இந்தியா இல்லை. உங்கள் படிப்புக்கு உரிய நேர்வழி, ஜே-1 பயிற்சி விசா. அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த அமைப்பு ஒன்று டி.எஸ்-2019 என்னும் படிவத்தைக் கொடுத்தால்தான் அதற்கு விண்ணப்பிக்கவே முடியும். அந்த முகவரிடம் அந்த அமைப்பின் பெயரைக் கேளுங்கள். வெளியுறவுத் துறையின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

சம்பளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டிஸ்னியும் தொழிற்சங்கங்களும் 2023-இல் செய்த ஒப்பந்தத்தில் தொடக்கக் கூலி மணிக்கு 18 டாலராக உயர்ந்தது. மற்ற விடுதிகளும் உணவகங்களும் மாநிலக் குறைந்தபட்சக் கூலியை ஒட்டியே கொடுக்கின்றன. 2020-இல் மக்கள் வாக்களித்தபடி அது 2026 செப்டம்பரில் 15 டாலராகிறது. ரூபாயாக மாற்றிப் பார்த்தால் பெரிய தொகை. ஆனால் கிஸிம்மி ஊரின் 192-ஆம் நெடுஞ்சாலை ஓரமாக ஒருமுறை போய்ப் பார்த்தால், பூங்காக்களிலும் விடுதிகளிலும் உழைக்கிறவர்களின் குடும்பங்கள் வீட்டு வாடகைக்கு முன்பணம் திரட்ட முடியாமல், பழைய மோட்டல்களின் ஒற்றை அறையில் ஆண்டுக்கணக்கில் வாழ்வது தெரியும். மாலையில் பள்ளிப் பேருந்து அந்த மோட்டல் வாசலில் நின்று பிள்ளைகளை இறக்கிவிடும். பூங்காவில் நமக்குச் சிரித்த முகத்தோடு கையசைக்கும் ஊழியர் அங்கே வசிப்பவராக இருக்கக்கூடும். இளமையில் ஓராண்டுப் பயிற்சி என்றால் தாராளமாகப் போங்கள். கடன் வாங்கிப் போகிற இடம் அது அல்ல.

கேள்வி: ஆர்லாண்டோ இருப்பது ஆரஞ்சு கவுண்டி என்று படித்தேன். இப்போதும் அங்கே ஆரஞ்சுத் தோட்டங்கள் உண்டா? (விவசாயி, ஈரோடு)

ஐயா, டிஸ்னி வருவதற்கு முன் அந்த வட்டாரத்தின் செல்வமே ஆரஞ்சுதான். நகர மையத்தின் பிரதான வீதிக்கு இன்றும் ஆரஞ்சு அவென்யூ என்றே பெயர். 1983 டிசம்பரிலும் 1985 ஜனவரியிலும் அடித்த கடும் உறைபனியில் மரங்கள் பட்டை வெடித்துக் காய்ந்தன. மறுபடி நட்டவர்களை 1989 டிசம்பர் உறைபனி முடித்துவிட்டது. எஞ்சியவர்கள் தெற்கே நகர்ந்தார்கள். 2005-இல் புளோரிடாவில் கண்டறியப்பட்ட பசுமையாதல் நோய் அங்கேயும் விடவில்லை. ஒரு சிறு பூச்சியால் பரவும் அந்த நோய் வந்த மரம் காயை முழுதாகப் பழுக்கவிடாமல் மெல்லச் சாகிறது. நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தவித்தவர்களிடம் வீட்டுமனை நிறுவனங்கள் வந்தன. பூங்காக்களில் வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு வேண்டியிருந்தது, தோட்டக்காரர்களுக்குக் கடனை அடைக்க வேண்டியிருந்தது.

ஆர்லாண்டோவுக்கு மேற்கே கிளெர்மான்ட் என்ற ஊரில், 1956-இல் கட்டிய சிட்ரஸ் டவர் என்னும் 226 அடி உயரக் கோபுரம் இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஆரஞ்சு மரங்களைக் காட்டுவதற்காகவே அதைக் கட்டினார்கள். பூக்கும் பருவத்தில் அதன் உச்சியில் நின்றால் வாசனை மூச்சை அடைக்கும் என்று அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார். நான் ஏறிய நாளில் நான்கு திசையிலும் சாம்பல் நிற ஓட்டுக் கூரைகளும், அவற்றுக்கு நடுவே சிறு சிறு ஏரிகளும் தெரிந்தன. கோபுரத்தின் அடியில் இருந்த கடையில் ஆரஞ்சுப் பூவின் தேன் விற்றார்கள். ஒரு புட்டி வாங்கி வந்தேன்.